வீட்டிலேயே கட்டின விமானத்தை ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ் வைத்து ஓட்டலாமா?

கோத்தகிரி_ஃபிட்டர்

எல்லோருக்கும் வணக்கம். விமான விஷயம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதாகக் குன்னூர் நண்பர் ஒருவர் சொன்னார், அதனால் கேட்கிறேன். என் மகன் அமெரிக்காவில், கொலராடோவில் இருக்கிறான். சின்ன வயதில் வெலிங்டனுக்கு ஹெலிகாப்டர் வரும் சத்தம் கேட்டாலே சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடுவான், அந்தக் கிறுக்கு இன்னும் தெளியவில்லை. இப்போது அங்கே யாரோ ஒருவர் தன் வீட்டு கராஜில் வைத்துக் கட்டி, சில வருஷம் ஓட்டிய இரண்டு சீட் விமானம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். அதே ஊரில் பாதி கட்டி நின்றுபோன ஆர்வி-12 கிட் (பாகங்களாக வாங்கி நாமே கட்டுகிற விமானம்) ஒன்றும் இருக்கிறது. எதை வாங்கலாம் என்று தினமும் போனில் என்னைப் பிடுங்குகிறான்.

அவனுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறான். பெரிய மெடிக்கல் எல்லாம் எடுக்காமல் கார் லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்பதால் ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ்தான் எடுக்கப்போகிறான். விற்பவர் "வீட்டில் கட்டினதுதானே, ஸ்போர்ட் பைலட் தாராளமாக ஓட்டலாம்" என்கிறார். இவனோடு வேலை செய்யும் ஒருவர் "அது எக்ஸ்பெரிமென்டல் விமானம், ஸ்போர்ட் பைலட் தொடவே கூடாது" என்கிறார். யார் சொல்வது சரி? அந்த விமானத்தில் பறக்கும்போதே ப்ரொப்பெல்லரின் கோணத்தை மாற்றும் வசதி இருக்கிறதாம், அதனால் ஏதாவது சிக்கல் வருமா?

நான் டீ ஃபேக்டரியில் ரோலர், சிடிசி, டிரையர் எல்லாம் பார்த்த ஃபிட்டர், இப்போது ஓய்வு. அங்கே போனால் கட்டுகிற வேலையில் நானும் கை கொடுக்கலாமா, அதற்குச் சட்டம் ஏதாவது குறுக்கே வருமா? கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள்: பிற்பாடு அதை இங்கே கொண்டுவந்து நம்ம மலை மேலே ஒரு சுற்று சுற்ற வழி உண்டா?

கூடலூர்_டு_யூட்டா

அண்ணா, நானும் இங்கே ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அந்த ரெண்டு பேர் சொன்னதும் தப்பு. ரெண்டு வேறு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். விமானத்துக்கு எந்த வகைச் சான்றிதழ் என்பது ஒரு கேள்வி. கையில் இருக்கும் லைசென்ஸை வைத்து எதை ஓட்டலாம் என்பது இன்னொரு கேள்வி. வீட்டில் கட்டினதற்கு எக்ஸ்பெரிமென்டல், அதாவது சோதனை வகைச் சான்றிதழ்தான் கொடுப்பார்கள், ஸ்போர்ட் பைலட் அதை ஓட்டக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. விமானத்தின் எடை, வேகம், அமைப்பு வரம்புக்குள் இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். பழைய பைப்பர் கப், ஏரோங்கா சாம்ப் மாதிரி 1940களில் கம்பெனியில் செய்தவையும் அப்படித்தான் உள்ளே வந்தன, அவற்றின் சான்றிதழில் 'லைட் ஸ்போர்ட்' (சின்ன, லேசான விமான வகை) என்று ஒரு எழுத்துகூட இருக்காது.

எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை) 2004-ல் வைத்த வரம்பு இது: தரையில் இறங்கும் விமானம் என்றால் மொத்த எடை 1,320 பவுண்டு, அதாவது சுமார் 600 கிலோ, தண்ணீரில் இறங்குவது என்றால் 1,430. அதிகபட்ச வேகம் 120 நாட், அதாவது மணிக்குச் சுமார் 222 கிலோமீட்டர். ஃப்ளாப் (சிறகின் பின் விளிம்பில் இறக்கிவிடுகிற தகடு) போடாமல் ஸ்டால் ஆகும் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் சிறகு விமானத்தைத் தாங்காத வேகம், 45 நாட்டுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு சீட், ஒரே பிஸ்டன் இன்ஜின், மடங்காத சக்கரம், பறக்கும்போது கோணம் மாறாத ப்ரொப்பெல்லர். இவற்றை விட முக்கியமான ஒன்றை எல்லோரும் கோட்டை விடுவார்கள். முதல் சான்றிதழ் வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு நாள்கூட இந்த வரம்பைத் தாண்டியிருக்கக் கூடாது. வீட்டில் கட்டுபவர்தான் சட்டப்படி தயாரிப்பாளர், மொத்த எடை இவ்வளவு என்று எழுதுவதும் அவரேதான். முதல் ஓனர் ஜம்பத்துக்கு 1,450 என்று எழுதி வைத்திருந்தால், பிறகு வாங்கியவர் 1,320 என்று திருத்தி எழுதினாலும் செல்லாது. ப்ரொப்பெல்லரும் அதே கதை, ஒரு தடவை மாட்டியிருந்தால் கழற்றிப் போட்டாலும் கறை போகாது. ஆக, பழைய விதிப்படி பார்த்தால் உங்கள் மகன் பார்த்த விமானம் அந்த ப்ரொப்பெல்லரிலேயே அடிபட்டுப் போயிருக்கும்.

ஆனால் இப்போது காலம் மாறிவிட்டது. மொசைக் என்ற புது விதியை 2025 ஜூலையில் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவில் வைத்து அறிவித்தார்கள், ஸ்போர்ட் பைலட் சம்பந்தப்பட்ட பகுதி 2025 அக்டோபர் 22 முதல் அமலுக்கு வந்தது. எடை வரம்பே எடுபட்டுப் போச்சு. ஃப்ளாப் போடாத ஸ்டால் வேகம் 59 நாட் வரை இருக்கலாம். நாலு சீட் வரை இருக்கலாம், ஆனால் கூட ஏற்றிக்கொள்வது ஒரே ஒருவரைத்தான். கோணம் மாறும் ப்ரொப்பெல்லர், மடங்கும் சக்கரம் ரெண்டும் ஓகே, அதற்கென்று இன்ஸ்ட்ரக்டரிடம் பயிற்சி எடுத்து லாக்புக்கில் எழுதி வாங்க வேண்டும். செஸ்னா 172-களிலேயே பெரும்பாலானவை இப்போது ஸ்போர்ட் பைலட் கைக்கு வந்துவிட்டன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் பார்க்க வேண்டியது அந்த 59 ஒன்றைத்தான்.

மெடிக்கல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை, இதை இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள். கார் லைசென்ஸ் போதும் என்பது சரி. ஆனால் "எதற்கும் ஒரு தடவை எஃப்ஏஏ மெடிக்கலுக்குப் போட்டுப் பார்ப்போமே" என்று விண்ணப்பித்து, அதை மறுத்துவிட்டார்கள் என்றால் கார் லைசென்ஸ் வழியும் சேர்ந்து அடைபட்டுவிடும். கடைசியாகப் போட்ட விண்ணப்பம் மறுக்கப்பட்டிருக்கக் கூடாது என்பதுதான் விதி. விண்ணப்பமே போடாதவனுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதற்காகச் சர்க்கரை ஏறி இறங்கும் நாளில் ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை, பாதுகாப்பாக ஓட்ட முடியாத உடல்நிலை என்று தெரிந்தால் ஏறக் கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. டாக்டரிடம் பேசிவிட்டே இறங்கட்டும். இரவில் ஓட்டுவதையும் மொசைக் அனுமதிக்கிறது, ஆனால் அதற்குக் கார் லைசென்ஸ் மட்டும் போதாது, அதனால் அவன் கணக்கில் அது வராது.

ஊட்டி_ஸ்பார்க்

600 கிலோவுக்கு மேல் போனால் ஸ்போர்ட் பைலட் கிடையாது. எல்லா வெப்சைட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஏன் ஆளாளுக்குக் குழப்புகிறீர்கள்?

கூடலூர்_டு_யூட்டா

வெப்சைட்டில் போட்டிருக்கிறது சரி, எந்த வருஷம் போட்டது என்று பார்த்தீர்களா சார்? 20 வருஷத்துக்கு மேல் அந்த விதிதான் இருந்தது, அதனால் நெட் முழுக்க அதுதான் கொட்டிக் கிடக்கிறது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், லைட் ஸ்போர்ட் விமானத்தைத் தயாரித்துச் சான்றிதழ் வாங்குகிற பகுதி 2026 ஜூலை 24 என்று தள்ளித் தேதி போட்டிருக்கிறார்கள். ரெண்டு தேதி இருப்பதால்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். பைலட் எதை ஓட்டலாம் என்பதற்கு அந்த இரண்டாவது தேதி பொருந்தாது.

வெலிங்டன்_ஓய்வு

ஃபிட்டர் சார், நான் விமானப்படையில் தரைப் பிரிவில் இருந்தவன், இப்போது அரவங்காடு பக்கம். தம்பி விதியைச் சரியாகச் சொல்லிவிட்டார், நான் மலைக்காரனாக ஒரு வார்த்தை சொல்கிறேன். அந்த 45, 59 எல்லாம் காலிபிரேட்டட் வேகம், அதாவது மீட்டர் காட்டுகிற வேகத்தில் கருவியின் பிழையைத் திருத்தி எடுத்தது. அது எந்த உயரத்திலும் மாறாது. ஆனால் காற்று மெலிந்த இடத்தில் விமானம் நிஜமாக ஓடுகிற வேகம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். நம்ம ஊட்டி 2,240 மீட்டர். இங்கே ஒரு ஓடுபாதை இருந்து, 45 நாட்டில் ஸ்டால் ஆகிற விமானத்தை இறக்கினால் அது நிஜத்தில் 50 நாட்டில் வந்துகொண்டிருக்கும், வெயில் அடிக்கிற நாளில் இன்னும் கூட. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும், ஊட்டி உயரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போயே போச்சு. 100 குதிரைச் சக்தி ரோடக்ஸ் இன்ஜின் என்று வாங்கினால் கைக்குக் கிடைப்பது 80-க்குப் பக்கம்தான். மேட்டுப்பாளையத்தில் ஜோராக இழுத்த பழைய வண்டி பர்லியார் தாண்டினதும் மூச்சு வாங்குகிற மாதிரிதான். கொலராடோவில் லெட்வில் என்ற ஊரில் விமான நிலையமே 9,934 அடியில் இருக்கிறது. விதிப்படி விமானம் சேர்ந்துவிட்டது என்பதால் மட்டும் அங்கே இரண்டு பேரோடு மேலே ஏறிவிடும் என்று நினைக்கக் கூடாது.

உயர வரம்பும் ஒன்று உண்டு. ஸ்போர்ட் பைலட் கடல் மட்டத்திலிருந்து 10,000 அடி, இல்லை கீழே இருக்கும் தரையிலிருந்து 2,000 அடி, இரண்டில் எது அதிகமோ அதுவரை போகலாம். அந்த 2,000 மட்டும் இல்லாவிட்டால் மலை ஊர்க்காரன் பாடு திண்டாட்டம். நம்ம தொட்டபெட்டா 8,650 அடி, இந்த விதி இங்கே இருப்பதாக வைத்துக்கொண்டால் அதன் தலைக்கு மேலே 10,650 வரை போகலாம். கொலராடோ சிகரங்கள் பல 14,000 அடி, அங்கே அந்த 2,000 தான் சோறு போடும்.

அப்புறம் மூடுபனி. ஸ்போர்ட் பைலட்டுக்குக் குறைந்தது 3 மைல், கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், கண்ணுக்குத் தெரிய வேண்டும், தரையும் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். கோடநாடு வியூ பாயின்டில் நின்று பார்த்தவருக்குத் தெரியும், எதிரே இருந்த பள்ளத்தாக்கு டீ குடித்து முடிப்பதற்குள் காணாமல் போகும். 2021 டிசம்பர் 8-ல் குன்னூர் பக்கம் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்தது, விசாரணையில் எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் போய்விட்டதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அது இரண்டு இன்ஜின், தேர்ந்த விமானிகள். பையனிடம் சொல்லுங்கள், மலையில் மேகத்தைக் கண்டால் திரும்பி வருவதற்கு வெட்கப்படக் கூடாது.

கோத்தகிரி_ஃபிட்டர்

ரொம்ப நன்றி சார், தம்பிக்கும் நன்றி. மெடிக்கல் விஷயம் இன்று காலையே சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் விண்ணப்பம் போடுவதாக இருந்தானாம். நல்ல வேளை.

விற்பவர் காகிதங்களைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். மொத்த எடை 1,550 பவுண்டு. சோதனைப் பறப்பு முடிந்ததற்கான பதிவில் ஸ்டால் வேகம் 44 என்று இருக்கிறது. 59-க்கு எவ்வளவோ கீழேதானே, அப்படியென்றால் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடலூர்_டு_யூட்டா

அவசரப்படாதீர்கள் அண்ணா. அந்த வரியை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள், 44-க்கு முன்னால் விஎஸ்ஓ என்று இருக்கும். அது ஃப்ளாப் முழுக்க இறக்கி, தரை இறங்குகிற நிலையில் எடுத்த வேகம். விதி கேட்பது விஎஸ்1, ஃப்ளாப் போடாத நிலை. சோதனைப் பறப்பு முடிந்ததும் கட்டியவர் எழுதுகிற பதிவில் விஎஸ்ஓ, ஏறுவதற்கான விஎக்ஸ், விஒய், எடுத்தபோது இருந்த எடை, எடை மையம் இவ்வளவுதான் கேட்பார்கள், விஎஸ்1 எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. அதனால் வீட்டில் கட்டினவை பலவற்றில் ஸ்போர்ட் பைலட்டுக்கு வேண்டிய அந்த ஒரு எண் மட்டும் காகிதத்தில் இருக்காது.

இன்னொன்று, அந்த 44 மீட்டரில் பார்த்ததா, திருத்தியதா? ஸ்டால் நெருங்கும்போது மூக்கு மேலே தூக்கியிருக்கும், வேக மீட்டருக்குக் காற்றைக் கொடுக்கிற பிட்டாட் குழாய்க்குள் காற்று நேராகப் போகாது, மீட்டர் குறைத்தே காட்டும். மீட்டரில் 52 என்று இருப்பது நிஜத்தில் 57-ஆக இருக்கலாம். முழு எடையில், எடை மையம் மோசமான இடத்தில் இருக்கும்படி வைத்து எடுத்த வேகம்தான் கணக்கு. கட்டியவர் தனியாக, அரை டேங்க் எண்ணெயில் எடுத்துப் பார்த்திருந்தால் அந்த எண்ணால் பிரயோஜனம் இல்லை. நல்ல இன்ஸ்ட்ரக்டர் ஒருவரை வைத்து, நல்ல உயரத்தில், ஃப்ளாப் போடாமல், முழு எடையோடு ஸ்டால் செய்து பார்த்து, மீட்டரையும் ஜிபிஎஸ் வைத்து எதிரெதிர் திசையில் ஓட்டிச் சரிபார்த்து எழுதி வாங்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு மூக்கால் அழுதால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது விட்டுவிடலாம்.

எனக்கு அந்த ஆர்வி-12 கிட் மேல்தான் கண். அது லைட் ஸ்போர்ட் வரம்புக்கென்றே வரைந்தது, 1,320 பவுண்டு, 100 குதிரைச் சக்தி ரோடக்ஸ் 912, இரண்டு சீட். பழைய விதி, புது விதி எதை வைத்துப் பார்த்தாலும் உள்ளே வரும். சிறகைக் கழற்றி டிரெய்லரில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம், ஹேங்கர் வாடகை மிச்சம்.

இன்னொரு லாபமும் உண்டு. வீட்டில் கட்டின விமானத்துக்கு வருஷா வருஷம் நடக்கிற பரிசோதனையில் கையெழுத்துப் போடும் உரிமை, ரிப்பேர்மேன் சான்றிதழ், கட்டியவருக்குத்தான். இரண்டாவதாக வாங்குபவருக்கு அந்தச் சான்றிதழ் கைமாறி வராது. உங்கள் மகன் தானே முடித்தால் அந்தக் கவலை இல்லை. இதிலும் இரண்டு வழி. கிட் கம்பெனி கொடுத்த வரைபடத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றினால் எக்ஸ்பெரிமென்டல் லைட் ஸ்போர்ட் என்று பதியலாம், 16 மணி நேர வகுப்பு முடித்தால் பரிசோதனைக் கையெழுத்து அவனே போடலாம், நாளைக்கு வேறு யாராவது வாங்கினாலும் அவரும் அந்த வகுப்பைப் படித்துவிட்டுப் போடலாம். இஷ்டத்துக்கு மாற்றங்கள் செய்து கட்டினால் அமெச்சூர் பில்ட் என்று பதிய வேண்டும், அப்போது 51 சதவீத விதி வரும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கேதான் பதில். வேலையின் பெரும்பகுதியைக் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்பவர்கள் செய்திருக்க வேண்டும். ஒருவர்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. காசு கொடுத்து வைத்த ஆள் செய்த வேலை அந்தக் கணக்கில் சேராது, அப்பா வந்து சும்மா உதவி செய்தால் தாராளமாகச் சேரும். பாதியில் விட்ட கிட் என்பதால் முந்தையவர் எழுதிய பில்டர் லாக் (கட்டிய வேலையின் குறிப்பு நோட்டு), போட்டோ எல்லாம் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றால் முதல் பாதியை யார் கட்டினார்கள் என்பதற்குப் பதில் இருக்காது.

சூலூர்_சந்திரா

ஃபிட்டர் அண்ணா, இங்கே கொண்டுவந்து ஓட்டுவது பற்றி நான் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் விமானப் பராமரிப்பு வேலையில் இருப்பவர். அமெரிக்க எக்ஸ்பெரிமென்டல் சான்றிதழ், ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ் ரெண்டுமே உலகப் பொது விதிகளின் தரத்தில் வருபவை அல்ல. அந்த நாட்டு எல்லையைத் தாண்டினால் போகிற நாடு தனியாக அனுமதி கொடுத்தால்தான் உண்டு. இங்கே டிஜிசிஏவிடம் (நம்ம நாட்டு விமானப் போக்குவரத்துத் துறை) பதிந்து, விடி என்று ஆரம்பிக்கிற எண் வாங்கி, பறக்க அனுமதி வாங்கி, இங்கே செல்லுபடியாகும் லைசென்ஸும் வேண்டும். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி தன் வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு சீட் விமானம் கட்டினாரே, 2016-ல் மேக் இன் இந்தியா கண்காட்சியில்கூட வைத்தார்கள், அதற்குப் பதிவு எண் கிடைக்க 2017, பறக்க அனுமதி கிடைக்க 2019 ஆயிற்று. அவர் நாடறிந்த ஆள், முதலமைச்சர் வரை பேசினார்கள், அதற்கே அவ்வளவு நாள். நீலகிரியில் ஓடுபாதையும் கிடையாது. தீட்டுக்கல்லில் இருப்பது ஹெலிபேட், சிறகு வைத்த விமானத்துக்கு அங்கே வேலை இல்லை. அதனால் மலை மேலே சுற்றும் ஆசையைக் கொலராடோ மலையிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

அங்கேயும் முதல் நாளே மகனோடு ஏறிவிட முடியாது. அமெச்சூர் பில்ட் என்று பதிந்தால் சாதாரணமாக முதல் 40 மணி நேரம் சோதனைப் பறப்பு, சான்றிதழ் பெற்ற இன்ஜினும் ப்ரொப்பெல்லரும் சேர்ந்த ஜோடி என்றால் 25. அதுவரை பயணி யாரையும் ஏற்றக் கூடாது. விசா தேதியைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

மகன் இன்னும் அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை என்றால் இன்னொரு வேலை, பயிற்சி ஆரம்பிக்கும் முன்பே டிஎஸ்ஏவிடம் (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை) பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டும். ஸ்போர்ட் பைலட்டுக்கும் அது உண்டு.

கோத்தகிரி_ஃபிட்டர்

தங்கச்சி, நீங்கள் சொன்ன பிறகு மலை மேலே சுற்றும் ஆசையை மூட்டை கட்டிவிட்டேன். அவன் கிரீன் கார்டுதான், டிஎஸ்ஏ விஷயத்தை ஃப்ளையிங் ஸ்கூலில் கேட்கச் சொல்கிறேன்.

அந்த முதல் விமானத்துக்காரரிடம் ஃப்ளாப் போடாத ஸ்டால் வேகத்தை எழுதித் தரச் சொன்னதற்கு, "இத்தனை வருஷம் யாரும் கேட்டதில்லை" என்று சொல்லிவிட்டாராம். கிட் வாங்குவதாக முடிவு. பில்டர் லாக் இரண்டு நோட்டு இருக்கிறதாம், போட்டோ கொஞ்சம் குறைவு. வால் பகுதி முடிந்திருக்கிறது, சிறகு பாதியில் நிற்கிறது. நான் எப்படியும் கோடைக்கு முன்னால் கிளம்புவேன். ரிவெட் அடிக்க இங்கேயிருந்து என் சுத்தியல், டாலி எல்லாம் எடுத்துப் போகட்டுமா? ஃபேக்டரியில் இத்தனை வருஷம் அதை வைத்துத்தான் அடித்தேன், கைக்கு ராசி.

கூடலூர்_டு_யூட்டா

அண்ணா, சுத்தியலை வீட்டிலேயே வையுங்கள். ஆர்வி-12-ல் பெரும்பாலும் ஒரு பக்கமிருந்தே இழுத்து மாட்டுகிற பாப் ரிவெட்தான், காற்றில் இழுக்கிற கன் ஒன்று இருந்தால் போதும், அது இங்கேயே மலிவாகக் கிடைக்கும். நீங்கள் வந்ததும் முதல் வேலையாக முந்தையவர் அடித்த ரிவெட்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பாருங்கள், தலை தகட்டோடு ஒட்டாமல் தூக்கி நிற்பது எது என்று உங்கள் விரலுக்கே தெரியும். அப்படி இருப்பதைத் துளை பெரிதாகாமல் டிரில் செய்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அதை ஆரம்பிக்கும் முன்னால் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள், குறைந்துபோன போட்டோவுக்கும் அது ஈடாகும்.